கீழாநெல்லி: சாக்கில் இருப்பதும் சோதனையில் தெரிந்ததும்



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலர் மிளகு, சீரகத்துடன் ஓர் அலமாரியில் நாட்டு மருந்துச் சரக்கும் வைத்திருக்கிறோம். சுக்கு, திப்பிலி, கடுக்காய், அதிமதுரம் ஆகியவற்றோடு கீழாநெல்லியும் அங்கே இருக்கும். முதலீடு சிறிது, விலையும் சிறிது. ஆனால் அதைக் கேட்டு வருபவர் ரசத்துக்குக் கேட்டு வருவதில்லை. வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது என்று பதறி வருகிறார். நாம் கட்டித் தரும் பொட்டலத்தை நம்பி ஓர் உயிர் காத்திருக்கிறது. ஆகவே இந்தச் செடியைப் பற்றி விஞ்ஞானிகள் என்ன சோதித்தார்கள், என்ன கண்டார்கள், எதைக் காணவில்லை என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

செடியும் பெயரும்

கீழாநெல்லி மழைக்குப் பின் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும் சிறு செடி. இலைக்காம்பின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி என்பதால் இந்தப் பெயர். நம் பகுதியில் கொள்ளிடக் கரை, திருமானூர் வாய்க்கால் பாசன வயல்கள், வேப்பந்தட்டைப் பக்கம் பச்சைமலை அடிவாரம் போன்ற ஈரம் தங்கும் இடங்களில் இவ்வகைச் செடிகள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முளைத்து வரும். இதைப் பயிராக இடுபவர் குறைவு. பெரும்பாலும் களையாகப் பறித்து, உலர்த்தி, கட்டாகக் கட்டித்தான் வியாபாரத்துக்கு வருகிறது.

பெயர் விஷயத்தில் விஞ்ஞானிகளே நீண்ட காலம் குழம்பினார்கள். பழைய நூல்கள் நம் கீழாநெல்லியை ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்று எழுதின. உண்மையில் நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நாட்டில் அந்தப் பெயரில் குறிக்கப்பட்டவை பில்லாந்தஸ் அமாரஸ், பில்லாந்தஸ் பிரேட்டர்னஸ், பில்லாந்தஸ் டெபிலிஸ் என்ற வெவ்வேறு செடிகள் என்பதை 1985-ல் இந்தியத் தாவரவியலாளர்கள் தெளிவுபடுத்தினார்கள். மருத்துவச் சோதனைகளில் முக்கியமாகப் பேசப்படுவது அமாரஸ். மேலாநெல்லி என்று நாம் சொல்வது பில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். அது வேறு செடி. சில இடங்களில் சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் பில்லாந்தஸ் யூரினாரியாவும் வேறு செடிதான்.

வற்றல் மிளகாய் என்று பொதுவாகச் சொன்னாலும் குண்டூர் வேறு, சம்பா வேறு, முண்டு வேறு என்று நமக்குத் தெரியும். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றைக் கொடுத்தால் குழம்பின் காரமும் நிறமும்தான் மாறும். மூலிகையில் ஆள் மாறினால் குணமே மாறிவிடும்.

சோதனை நடக்கும் முறை

ஒரு மூலிகை நோயைத் தீர்க்கிறது என்று சொல்ல விஞ்ஞானிகள் படிப்படியாகப் போகிறார்கள். அந்தப் படிகளைத் தெரிந்துகொண்டால், மருந்துப் பொட்டலங்களின் மேல் அச்சிடப்படும் ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வாசகத்தை நாமே எடைபோடலாம்.

முதற்படி, செடியை இனம் காணுதல். பறித்த செடியைத் தாவரவியலாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்திப் பாதுகாத்து வைக்க வேண்டும். நமக்கு அருகில் திருச்சி புனித வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் உலர்தாவரகம் இத்தகைய மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் புகழ்பெற்ற இடம். அதனை 1967-ல் தோற்றுவித்தவர் கே.எம். மேத்யூ அடிகளார்.

இரண்டாம் படி, சாரம் எடுத்தல். காப்பிப் பொடியில் வெந்நீர் ஊற்றினால் டிக்காஷன் இறங்குவது போல, செடித் தூளில் தண்ணீர், சாராயச் சத்து போன்ற கரைப்பான்களை ஊற்றிச் சாரத்தை இறக்குகிறார்கள். எதில் ஊற வைக்கிறோமோ அதற்கு ஏற்ற பொருள்தான் இறங்கும். கீழாநெல்லியில் உள்ள பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற பொருள்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. சாராயச் சத்தில் நன்கு கரையும். துவர்ப்புத் தரும் டானின் வகைகளோ தண்ணீரிலேயே இறங்கிவிடும். எனவே பச்சையாக அரைத்து மோரில் கலக்கியது, உலர்ந்த தூள், கஷாயம், சாராயச் சத்தில் இறக்கிய சாரம் ஆகிய நான்கும் ஒரே மருந்து அல்ல. ஒன்றில் கிடைத்த முடிவை மற்றொன்றின் அட்டையில் அச்சிட்டு விற்பது நேர்மையாகாது.

மூன்றாம் படி, கண்ணாடிக் குழாய்ச் சோதனையும் விலங்குச் சோதனையும். கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சைக் கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுத்து, மூலிகைச் சாரம் அதைத் தடுக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். 1985-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, எலியின் கல்லீரல் செல்களை இத்தகைய நச்சிலிருந்து பில்லாந்தினும் ஹைப்போபில்லாந்தினும் காப்பதாகக் காட்டியது. இது நல்ல தொடக்கம்தான். ஆனாலும் எலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகும் என்பதற்கு உறுதி இல்லை.

நான்காம் படிதான் முக்கியமானது: மனிதர்களிடம் சோதனை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மருந்தும் தருகிறார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. கடைசியில் இரு பிரிவையும் ஒப்பிடுகிறார்கள்.

வெற்று மருந்து எதற்கு?

இந்தக் கேள்வி எழுவது இயல்பு. மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. பல நோய்களின் அடையாளம். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். அந்த நாட்களில் கீழாநெல்லி சாப்பிட்டவருக்கும் இறங்கும், ஒன்றும் சாப்பிடாதவருக்கும் இறங்கும். சாப்பிட்டவர் ஊரெல்லாம் சொல்வார். சாப்பிடாதவர் சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே ‘பத்துப் பேருக்குக் குணமாச்சு’ என்ற பேச்சு மட்டும் சான்றாகாது. மருந்து இல்லாத பத்துப் பேரில் எத்தனை பேருக்குக் குணமானது என்பதும் தெரிந்தால்தான் கணக்கு நேராகும். வரவு மட்டும் எழுதிப் பற்று எழுதாத பேரேட்டை நாம் ஏற்போமா?

சென்னையில் நடந்த ஆய்வு

கீழாநெல்லியை உலகமே திரும்பிப் பார்க்கச் செய்த ஆய்வு நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பரூச் பிளம்பர்க் இச்செடியில் ஆர்வம் கொண்டார். அவரும் அவரது குழுவினரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லிச் சாரம் அக்கிருமி பெருகத் தேவையான ஒரு நொதியைச் சோதனைக் குழாயில் தடுப்பதாகக் காட்டினார்கள். இதே போன்ற கிருமி தாக்கும் வுட்சக் என்ற அமெரிக்க விலங்கிலும் சோதித்தார்கள். அந்தக் கட்டுரையில் செடியின் பெயர் பழைய வழக்கப்படி நிரூரி என்றே இருந்தது.

அடுத்த ஆண்டு, 1988-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டார்கள். (இவர் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார்.) ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் நெடுநாள் சுமப்பவர்களுக்கு பில்லாந்தஸ் அமாரஸ் செடியின் தூளை 30 நாட்கள் கொடுத்தார்கள். மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்களில் இரத்தத்தைச் சோதித்தபோது, மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 59 பேருக்கு, கிருமியின் அடையாளப் பொருள் மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. கெடுதலான விளைவுகளும் காணப்படவில்லை.

இத்தகைய கிருமி சுமப்பவர்களுக்கு அது தானாக மறைவது மிக அரிது. ஆகவே இந்த முடிவு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. கீழாநெல்லிக்கு உலகச் சந்தையில் பெயர் வந்தது. ஆனால் அவ்வாய்வாளர்களே அதை ‘ஆரம்ப நிலை ஆய்வு’ என்றுதான் குறிப்பிட்டார்கள். மேலும் ஆராய வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்தச் சொல்லை விளம்பரம் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

மற்ற நாடுகளில் நடந்தது

மண்டியில் சரக்கு வாங்கும்போது மேலே கிடக்கும் ஒரு கைப்பிடியைப் பார்த்து விலை முடிப்பதில்லை. பல மூட்டைகளில் குத்தூசி விட்டு மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். விஞ்ஞானத்திலும் அப்படியே. ஒரு முடிவை வேறு ஊரில், வேறு ஆட்கள் செய்து பார்த்து அதே விடை வந்தால்தான் அது நிலைக்கும்.

தாய்லாந்தில் செய்து பார்த்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. நியூசிலாந்தில் செய்து 1994-ல் வெளியிட்ட ஆய்வும் கிருமி சுமப்பவர்களுக்குப் பலன் இல்லை என்றே கூறியது. பின்னர் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1326 நோயாளிகள் பங்கேற்ற 16 ஆய்வுகளை அது ஆராய்ந்தது. வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது அவற்றுள் ஒன்றே ஒன்று. அதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் நன்மை தென்பட்டாலும், அந்த ஆய்வுகளின் தரம் போதாது என்பதால் நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது.

செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம், சாரம் எடுத்த முறை, நோயாளியின் நிலை ஆகிய அனைத்தும் முடிவை மாற்றக் கூடியவை. ஆகவே கீழாநெல்லி பயனற்றது என்று நாம் இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. சித்த மருத்துவர்கள் பத்தியம், அனுபானம், நோயாளியின் உடல்வாகு பார்த்துத் தருவது தனி மருத்துவ முறை. நாம் அறிய வேண்டியது இதுதான்: கீழாநெல்லி சாப்பிட்டால் போதும், ஹெபடைடிஸ் பி தீர்ந்துவிடும் என்று சொல்ல இன்று யாருக்கும் சான்று இல்லை.

25 கடைகளில் வாங்கிய சரக்கு

நம் தொழிலை நேரடியாகத் தொடும் ஆய்வு ஒன்றும் உண்டு. தென்னிந்தியாவில் 25 மூலிகைக் கடைகளிலிருந்து கீழாநெல்லிச் சரக்கை வாங்கி, உருவத்தையும் மரபணுவையும் கொண்டு சோதித்த முடிவு 2010-ல் வெளியானது. நூற்றுக்கு 76 கடைகளின் சரக்கு ஏறக்குறைய முழுவதும் அமாரஸாகவே இருந்தது. மீதி 24 விழுக்காடு கடைகளில் டெபிலிஸ், பிரேட்டர்னஸ், யூரினாரியா, மதராஸ்படென்சிஸ், கோழிக்கோடியானஸ் என்ற ஐந்து வேறு செடிகள் இருந்தன.

நான்கில் மூன்று கடைகள் சரியாக விற்றன என்பது நமக்குப் பெருமை. நான்கில் ஒன்று தவறியது என்பது எச்சரிக்கை. அந்தக் கடைக்காரர்கள் வேண்டுமென்றே கலந்தார்கள் என்று சொல்ல முடியாது. பறிப்பவர் கைக்கு எது வந்ததோ அதுவே கட்டில் சேர்ந்திருக்கும். காய்ந்து நொறுங்கிய பின் இவற்றைக் கண்ணால் பிரிப்பது கடினம். ஆகவே சரக்கு முழுச் செடியாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

1. தூளாக வாங்காமல் வேருடன் கூடிய முழுச் செடியாக வாங்குவது நல்லது. தூளில் எதையும் கலக்கலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

2. காய்களைப் பாருங்கள். அமாரஸ் காய் வழுவழுப்பாக, சிறு காம்புடன் தொங்கும். யூரினாரியாவின் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாதது போல ஒட்டி இருக்கும். தண்டும் செவ்வோடி இருக்கும். மேலாநெல்லியில் இலைகள் பெரியவை. கீழாநெல்லி போல் கிளையின் இரு பக்கமும் சீராக அடுக்கியிருக்காது. பூவிதழ் எண்ணிக்கையும் உதவும்: அமாரஸில் 5, பிரேட்டர்னஸில் 6. இதற்குப் பச்சைச் செடியும் பூதக்கண்ணாடியும் வேண்டும்.

3. எங்கே பறித்தது என்று கேளுங்கள். நம் மாவட்டங்கள் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ தெளித்த காட்டின் வரப்பில் பறித்த செடி மருந்துக்கு ஆகாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம், சாக்கடையோரம் பறித்ததும் வேண்டாம்.

4. நிழலில் உலர்த்திய சரக்கு பச்சை நிறம் மாறாமல் இருக்கும். கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது, கையில் பிசுபிசுப்பது ஆகியவற்றைத் தள்ளுங்கள். சாக்கின் அடியில் மண் எவ்வளவு தங்குகிறது என்று உதறிப் பாருங்கள். எடைக்கு மண் சேர்வது இந்தச் சரக்கில் சாதாரணம்.

5. பறித்த ஊர், மாதம், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கட்டின் மேல் சீட்டாக ஒட்டி வையுங்கள். பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் கலக்காதீர்கள்.

6. மொத்தமாக வாங்குவோர் ஒரு மாதிரியைத் தாவரவியலாளரிடம் காட்டி இனம் உறுதி செய்து கொள்ளலாம். மருந்து தயாரிப்பவர்கள் உலோகச் சோதனையும் கேட்பார்கள். பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மூலிகை மருந்துகளுக்கு உள்ள வரையறை.

2020-ல் கொரோனா நாட்களில் கபசுரக் குடிநீர்ப் பொடிக்கு ஏற்பட்ட கிராக்கியை நாம் மறந்திருக்க மாட்டோம். கிராக்கி ஏறும் வாரத்தில்தான் தரம் இறங்கும். அந்த வாரத்தில் ‘சரக்கு இல்லை’ என்று சொல்லத் துணிகிற கடைக்கு அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வாடிக்கையாளர் இருப்பார்கள்.

வாயும் பலகையும்

கட்டாக வரும் மூலிகையைக் கட்டாகவே விற்பது ஒன்று. அதைத் தூளாக்கி, புட்டியில் அடைத்து, மருந்தென்று பெயரிட்டு விற்பது வேறு. இரண்டாவது மருந்து தயாரிப்பாகும். 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் தேவை. நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த 1954-ம் ஆண்டுச் சட்டம் தனியே இருக்கிறது. குணப்படுத்துவதாகக் கூறக் கூடாத நோய்களைப் பட்டியலிடும் மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில் காமாலையும் கல்லீரல் நோய்களும் இடம்பெற்றுள்ளன. ஆகவே கடைப் பலகையில் ‘காமாலைக்குக் கைகண்ட மருந்து’ என்று எழுதாதீர்கள்.

சட்டத்தைவிடப் பெரியது மனச்சாட்சி. ஒரு தாய் கடைக்கு வந்து, ‘அண்ணே, பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு, கீழாநெல்லி குடுங்க’ என்கிறார். அவருக்கு நாம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘தர்றேம்மா. ஆனா முதல்ல ஆஸ்பத்திரியில ரத்தத்தைக் காட்டிடுங்க. என்ன காமாலைன்னு தெரிஞ்சுக்கிட்டு, டாக்டரையோ சித்த வைத்தியரையோ கேட்டுட்டுக் குடுங்க.’ இதனால் நமக்குப் போகும் வியாபாரம் சில ரூபாய். கர்ப்பிணிக்கு வந்த காமாலை, பிறந்த குழந்தையின் காமாலை, பித்தக் கல் அடைப்பு, எலிக்காய்ச்சல் ஆகியவை காத்திருக்க மாட்டா. நோயாளி தூங்கி வழிந்தாலும், பேச்சுக் குழறினாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், இரத்தம் கசிந்தாலும் பொட்டலம் கட்ட வேண்டாம். வண்டி பிடித்துக் கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மூலிகை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தால் பயப்படவும் தேவையில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் தடுப்பூசி உண்டு. 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதும் வணிகத் தொண்டே.

கீழாநெல்லி நம் மண்ணின் செல்வம். அதன் குணத்தைச் சோதிப்பது விஞ்ஞானியின் வேலை. நோய்க்குத் தருவது வைத்தியரின் வேலை. கேட்ட செடியைக் கேட்டபடி, சுத்தமாக, சரியான எடையில், மிகை சொல்லாமல் கொடுப்பது நம் வேலை. சங்கக் கிளைகள் தோறும் அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் தங்கள் கடைக் கீழாநெல்லியில் ஒரு கட்டைக் கொண்டு வந்து பரப்பிப் பார்ப்போம். யாருடைய கட்டில் என்ன இருக்கிறது என்பதை நாமே முதலில் தெரிந்துகொள்வோம்.